வாளித் தண்ணீரும் ஜாம் போத்தல்களும்

8 நவம்பர் 1992, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். மருதனார்மடம் போய் வந்தாயிற்று. சிநேகிதி லோகா படிப்பிக்கும் பள்ளிக்கூடத்து நுணுக்குக்காட்டி (மைக்ரோஸ்கோப்) இப்போது எங்கள் வீட்டு மேசையில், தலையணை உறைக்குள். சனிக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். அவளுடைய உயர்தர (ஏ.எல்.) வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்முறைப் பரீட்சை.

"சனி எண்டால் சனி. அதுவரைக்கும் எனக்கு நித்திரை வராது, சொல்லிப்போட்டன்," என்றாள். தந்தாளே, அது பெரிது. இந்தக் காலத்தில் யார் ஒரு ஊசியையாவது இரவல் கொடுக்கிறார்கள்?

இவர் அதைச் சைக்கிள் கரியரில் கட்ட விடவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் சைக்கிளை ஓட்டினார். பள்ளம் வந்த இடமெல்லாம் இறங்கி நடை. கல்யாணம் கட்டிய நாள் முதல் என்னை ஒருநாளும் இப்படி ஏற்றிப் போனதில்லை. சொன்னேன். "நீர் விழுந்தால் எழும்புவீர். இது எழும்புமோ?" என்றார்.

வருடக்கணக்காக உயிர்க்கலத்தைக் கரும்பலகையில் வெண்கட்டியால்தான் கீறிக் காட்டுகிறேன். ஒரு வட்டம், உள்ளே குட்டி வட்டம், "இது கரு." முட்டைப்பொரியல் மாதிரிக் கிடக்கு ரீச்சர் என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளை சொல்லும். நானும் ஒவ்வொரு வருடமும் ஏசுவேன்.

இந்த முறை ஏச முடியவில்லை. காரணம் ஜெனிற்றா. குருநகரில் இருந்து இடம்பெயர்ந்து கொக்குவிலில் சொந்தக்காரர் வளவில் இருக்கிறார்கள். தகப்பன் கடற்றொழில், இப்போது கடலுக்குப் போக ஏலாது. தங்கச்சி நெருப்புக்காய்ச்சலில் (தைபோயிட்) ஆசுபத்திரியில் கிடந்து இப்போதுதான் வீடு வந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள் என்று நான் வகுப்பில் சொன்னதை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் வந்து நின்றாள்.

"அப்பா சொல்லுறார், கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கு, உதுக்குள்ளை என்ன இருக்கெண்டு விறகை எரிக்கிறது எண்டு. உங்கடை ரீச்சர் கண்ணாலை கண்டவவோ எண்டு கேக்கச் சொன்னவர்."

கண்டனான். பயிற்சிக் கலாசாலையில், ஒரே ஒரு முறை. அதற்குள் பின்னால் நின்றவள் இடித்துத் தள்ளிவிட்டாள். அதைச் சொல்லவில்லை. "கொஞ்சம் பொறு, நீயே காணுவாய்," என்றுவிட்டேன். வாயைக் கொடுத்தாயிற்று.

9, திங்கள்

மழை. கொண்டு போனவை: சொட்டு வைத்துப் பார்க்கும் கண்ணாடி வழுக்கிகள் (ஒன்று மூலை உடைந்தது), மருந்துப் போத்தலின் துளிசொட்டி, பழைய வேட்டித் துண்டு, வெங்காயம். குடை மறந்து போனேன்.

ஆய்வுகூடக் கூரை ஷெல் விழுந்த நாளில் இருந்து ஒழுக்கு. கீழே ஒரு வாளி. அதில் வேப்பிலைச் சருகு ஊறிப் பச்சை பிடித்துக் கிடக்கிறது. வெளியார் வந்து பார்த்தால் வெட்கக்கேடு. பியோன் கந்தசாமி அண்ணையிடம் திரும்பவும் சொன்னேன்.

"ஊத்துறன் ரீச்சர். மழை விடட்டும். இப்ப ஊத்தினாலும் திரும்ப நிரம்பும்தானே?"

இந்த நியாயத்தை வெல்ல என்னால் முடியாது. சோம்பல் மனிதர்.

ஆண்டு ஒன்பதுக்குப் போன கிழமையே சொல்லி வைத்தது: குளத்துத் தண்ணீரில், நுண்ணுயிர் பெருக ஒரு பிடி வைக்கோல் போட்டு, ஜாம் போத்தலில், நிழலில் வையுங்கள். நாளைக்கு எல்லாரும் கொண்டு வர வேண்டும்.

10, செவ்வாய்

போத்தல்கள் வந்துவிட்டன! யன்னல் ஓரம் முழுவதும் வரிசை. ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டி. ஜெனிற்றா தன்னுடையதை மட்டும் இரண்டு தரம் இடம் மாற்றி வைத்தாள், வெளிச்சம் காணாது என்று. வீட்டில் இருந்த ஒரே போத்தலாம். போத்தலும் லேசில் கிடைக்காத காலம். ஒரு தாயும் மறுக்கவில்லை. நல்ல சனங்கள்.

ஆனால் வெயில் இல்லை. கரண்டும் இல்லாத ஊரில் நுணுக்குக்காட்டிக்குச் சூரியன்தான் பல்பு. கண்ணாடியை எந்தப் பக்கம் திருப்பினாலும் சாம்பல் நிறம். அதிபர் எட்டிப் பார்த்து, "என்ன ரீச்சர், சவர்க்காரத்துக்குப் போட்ட மாதிரி அரசாங்கம் சூரியனுக்கும் தடை போட்டிட்டுதோ?" என்றார். சிரித்தேன். சிரிப்பு வரவில்லை.

பாண் வாங்க இன்றும் பேக்கரியில் கியூ. விட்டுவிட்டேன். புட்டு.

11, புதன்

மூன்றாம் பாடத்துக்கு வெயில். ஓடினேன்.

முதலில் வெங்காயச் சவ்வு. கலங்கள் அப்படியே கட்டு மதில் மாதிரி, வரிசை வரிசையாக. பிள்ளைகள் ஒரே கூச்சல். "எங்கடை வளவு மதில், ரீச்சர்!" இவ்வளவு காலமும் வட்டம் கீறினேனே, பெட்டி அல்லவா.

பிறகு போத்தல் தண்ணீர். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. ஒரு போத்தல், இன்னொரு போத்தல், அடுத்தது. அங்கங்கே ஓரம் கறுத்த உருண்டைகள் மட்டும். "கலம்! கலம்!" என்று ஒருவன் கத்தினான். கலமில்லை. அசைவே இல்லை. உயிரென்றால் ஓட வேண்டுமே. மணி அடித்துவிட்டது.

ஜெனிற்றா ஒன்றும் கேட்கவில்லை. "வெங்காயம் வடிவாத் தெரிஞ்சது ரீச்சர்," என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

12, வியாழன்

நாள் முழுக்க அடைமழை. பிள்ளைகள் பாதிதான். மத்தியானம் ஹெலிச் சத்தம், எல்லாரும் மேசைக்குக் கீழே. நான் நுணுக்குக்காட்டியைக் கட்டிப்பிடித்தபடி. லோகாவின் முகம்தான் கண்ணுக்குள்.

பின்னேரம் விளக்குக் கொளுத்தப் போனேன். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக்குள் திரி. எல்லார் வீட்டிலும் இதுதானே விளக்கு. கையில் எடுத்தேன்.

அட மூதேவி!

எந்த வீட்டில் சும்மா ஒரு ஜாம் போத்தல் இருக்கிறது? பிள்ளைகள் விளக்கைக் கழற்றி, சவர்க்காரம் இல்லாமல் சாம்பல் போட்டு அலசிக் கொண்டு வந்திருக்கிறார்கள். நான் கண்ட உருண்டைகள் மண்ணெண்ணெய்த் துளிகள். இருந்ததெல்லாம் செத்திருக்கும். மணமாவது வரவில்லையா என்று இவர் கேட்டார். எப்படி வரும்? எங்கள் உடுப்பு, தலைமயிர், புத்தகம் எல்லாம் அந்த மணம்தானே. மூக்கு மரத்துவிட்டது.

விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு நான் அழுதேன். நாளைக்கு ஒருநாள்தான். புதிதாக ஊற வைத்து உயிர் வளர ஒருநாள் காணாது.

13, வெள்ளி

இன்றையதை இன்றே எழுத வேண்டும்.

காலை மழை. இடைவேளைக்குப் பிறகு பளிச்சென்று வெயில். ஆய்வுகூட வாசலில் கந்தசாமி அண்ணை, கையில் வாளி, சரித்துப் பிடித்தபடி.

"மழை விட்டிட்டுது ரீச்சர். சொன்ன மாதிரி ஊத்துறன்."

"ஊத்தாதேங்கோ!"

மனிதர் பயந்து வாளியை வைத்துவிட்டார். பாதி போய்விட்டது. மீதி போதும். அழுகிய சருகு, மழைத் தண்ணீர், இத்தனை கிழமைச் சோம்பல். மண்ணெண்ணெய் ஒரு துளியும் படாத தண்ணீர் இந்தப் பள்ளிக்கூடத்தில் அது ஒன்றுதான்.

ஒரு சொட்டு வைத்தேன். கண்ணாடியைத் திருப்பினேன்.

செருப்பின் அடிப்பாகம் மாதிரி ஒன்று குறுக்கே ஓடியது. இன்னொன்று. முட்டி, திரும்பி, வேறு பக்கம். பரமேசியம்! பேர் தெரியாதவை ஏராளம், ஒன்று சுழன்றுகொண்டே. ஒற்றைக் கலம், அவ்வளவுதான் உடம்பு, அது இந்த ஓட்டம் ஓடுகிறது. கடவுளே, நன்றி. கந்தசாமி அண்ணை, உங்களுக்கும் நன்றி. அவருக்குத்தான் முதலில் காட்டினேன். "உதுகளையோ நான் ஊத்தப் பாத்தன்?" என்றார், பாவம்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக. தள்ளுப்பாடு இல்லை. ஜெனிற்றா கண்ணை எடுக்கவில்லை, பின்னால் நின்றவர்களும் விட்டுவிட்டார்கள். பிறகு என்னிடம் கேட்காமலே பள்ளிக்கூடப் படலையைத் தாண்டி வீட்டுக்கு ஓடினாள்.

பள்ளி விடும் நேரம் தகப்பனோடு வந்தாள். சாரம், தோளில் துவாய், கையில் செம்பு. வெயில் சாய்கிறது, மேசையை விறாந்தைக்கு இழுத்தோம்.

"எங்கடை கிணத்துத் தண்ணி ரீச்சர். முதல் இதைப் பாருங்கோ."

பார்த்தேன். அவரும் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"கண்டியளே? சுத்தம்."

ஜெனிற்றா என் முகத்தைப் பார்த்தாள். வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு வைத்துக் கொடுத்தேன். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"இந்தச் சொட்டுக்குள்ளையோ இவ்வளவு சனம்?"

ஓம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். மனம் விடவில்லை. "உதுகள் காய்ச்சல் தாறேல்லை. காய்ச்சல் தாறது உதிலும் சின்னன். இந்தக் கண்ணாடியிலையும் தெரியாது. உங்கடை செம்புக்குள்ளை இருக்கோ இல்லையோ எண்டு என்னாலை சொல்லேலாது. அதுதான் கொதிக்க வைக்கச் சொல்லுறன்."

"காட்டேலாததை நம்பச் சொல்லுறியள்."

"ஓம்."

செம்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வாறன் ரீச்சர்," என்று போய்விட்டார். ஜெனிற்றா பின்னால். எனக்கு என் வாயை நினைக்க ஆத்திரம்.

14, சனி

நுணுக்குக்காட்டி லோகாவிடம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அவள் ஒவ்வொரு திருகாகச் சரிபார்த்த பிறகுதான் தேத்தண்ணி வந்தது. வாளிக் கதை சொன்னேன், சிரித்துப் புரைக்கேறிவிட்டது. அடுத்த தவணையும் தருவாளாம். கேட்கவே இல்லை, தானாகச் சொன்னாள்.

வரும் வழியில் இவர் பள்ளம் வந்த இடமெல்லாம் இறங்கி, என்னையும் நுணுக்குக்காட்டி மாதிரிப் பத்திரமாக நடத்திக் கூட்டிவந்தார். கேலிக்குத்தான். இருந்தாலும் சந்தோஷம்.

கூரை ஒழுக்கைப் பற்றி அதிபருக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்தேன். ஒழுகட்டும் இந்தத் தவணை.

16, திங்கள்

வானம் மப்பு. பிள்ளைகளின் போத்தல்களைத் திருப்பிக் கொடுத்தேன். விளக்குகள் வீடு போயின. ஜெனிற்றாவைக் காணவில்லை. இரண்டாம் பாடத்துக்கும் இல்லை. தங்கச்சிக்குத் திரும்பக் காய்ச்சலோ?

இடைவேளைக்கு வந்தாள், மூச்சு வாங்க. கையில் துணி சுற்றிய ஒரு போத்தல். பக்கத்து வீட்டு ஜாம் போத்தலாம்.

"அப்பா விடிய விறகு கொத்தினவர் ரீச்சர். முதல் கொதி உங்களுக்காம். ஆற முதல் குடுக்கச் சொன்னவர், அதுதான் ஓடி வந்தனான். பிடிச்சுப் பாருங்கோ."

பிடித்தேன். இன்னும் சூடு. தங்கச்சி குடித்தாளா என்றேன். "அவளும் குடிச்சவள், அப்பாவும் குடிச்சவர்."

வாயில் வைத்தேன். மண்ணெண்ணெய் மணம். ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடித்தேன்.