ஊர் நம்பிய வேலிச் சண்டை

ஊரில் உள்ள எல்லாரையும் அடித்துவிட்டு, என் தலையில் மட்டும் ஒரு குட்டுக்கூட வைக்காத என் அண்ணைக்கு,

நேற்றுக் காலையில் கார்னிவல்காரர் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அதில் ஒருவனின் கையை நான் உலக்கையால் அடித்துவிட்டேன். எலும்பு முறிந்ததோ என்னவோ, அவன் கத்தின கத்து ஊர்காவற்றுறைத் துறை வரைக்கும் கேட்டிருக்கும். ஏன் அடித்தேன் என்று சொல்கிறேன். அதற்கு முதல் உங்களோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

ஊர் இன்னும் என் புருஷனைக் கொலைகாரன் என்றுதான் சொல்கிறது. சொந்த மச்சானை மேடையில் வைத்துக் கொன்றவனாம். கார்னிவல் முதலாளியை விட்டால், அப்படி இல்லை என்று தெரிந்த மூன்று பேரில் நீங்கள் போய்விட்டீர்கள், இவர் வாய் திறக்க மாட்டார், மிச்சம் நான் ஒருத்தி. என் வாயையும் நீங்கள் பூட்டிவிட்டல்லவா போனீர்கள்?

இந்தக் குஸ்தி விசர் உங்களுக்கு எப்போது பிடித்தது? ஐம்பதுகளின் முடிவில் வெளிநாட்டுப் பயில்வான்கள் பட்டணத்துக்கு வந்தபோது, லொறி பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்கள். அந்தக் கிழமையே வைக்கோல் கும்பியில் ஆட்களைத் தூக்கி எறியத் தொடங்கினீர்கள். பிறகு தீவுகளிலும் கார்னிவல் வந்தது. சிவப்புக் காற்சட்டையோடு நீங்கள் தீவகச் சிங்கம். கறுப்புக் காற்சட்டையோடு இவர் காரைநகர்க் காலன். சிங்கம் வெல்ல வேண்டும், காலன் தோற்க வேண்டும், அதுதான் தொழில். காரைநகரில் மட்டும் சமன். அங்கே இவர் தோற்றால் முதலாளியின் கூடாரத்தைக் கொளுத்திவிடுவார்கள்.

சனம் எவ்வளவு நம்பியது! நயினாதீவில் ஒரு மனுசி மேடைக்கு ஏறி வந்து, "அறுவானே, அந்தப் பிள்ளையை விடடா!" என்று குடைக்கம்பியால் இவரின் முதுகில் குத்தினாள். தையல் போட்டுக்கொண்டு வந்த மனுஷன் சிரித்துச் சிரித்துச் சொன்னார், அதுதான் தனக்குக் கிடைத்த பெரிய பரிசாம். இரத்தம் வரவேண்டிய நாளில் மணிக்கட்டுத் துணிக்குள் சவர அலகுத் துண்டு ஒன்று இருக்கும். கீழே விழுந்து கிடக்கும்போது நீங்களே உங்கள் நெற்றியைக் கீறிக்கொள்வீர்கள். கொத்தின அம்மியைப் போல இருந்தது உங்கள் இரண்டு பேரின் நெற்றியும்.

இவரை எனக்குக் கல்யாணம் பேசினதும் நீங்கள்தான். "இவனைப் போலக் கவனமா அடிக்கிறவன் உலகத்திலை இல்லை, பிள்ளை. உன்னை நல்லா வைச்சுப் பாப்பான்" என்றீர்கள். கேட்டவர்களுக்கு அது விசர்க்கதை. எனக்கு விளங்கியது.

கல்யாணத்தில்தான் பிழை நடந்தது. பெண்ணின் சகோதரன் தோழனாக நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும், மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போட வேண்டும். முதலாளி தலையால் நடந்து மறித்தார். "வேறை ஆரையும் தோழனா நிப்பாட்டு. சனம் பாத்தால் எல்லாம் போச்சு" என்றார். நீங்கள் கேட்டீர்களா? "என்ர ஒரே தங்கச்சி. நான் நிக்காமல் எவன் நிக்கிறது?" என்று செம்பைத் தூக்கினீர்கள். படலை வாசலில் நின்ற சனம் முழுக்கப் பார்த்தது, சிங்கம் குனிந்து காலனின் காலைக் கழுவுவதை.

அடுத்த கார்னிவலில் சோடாப் போத்தல் பறந்தது. "காலைக் கழுவி விட்டவன் எப்பிடியடா அடிப்பான்?" என்று கத்தினார்கள். ஒரு போத்தல் உங்கள் காதடியில் உடைந்தது. அதற்குப் பிறகு சனமே வரவில்லை. முன்வரிசைக் கதிரைகளில் நாய் படுத்துக் கிடந்தது. அப்போதே விட்டிருக்கலாம், அண்ணை. ஏன் விடவில்லை? கைதட்டுக் கேட்காமல் உங்களால் சோறு தின்ன ஏலாதா?

பொய்யாக வேலிச் சண்டை போடுகிற யோசனை உங்களுடையது. என் சீதனக் காணிக்கும் உங்கள் வளவுக்கும் இடையில் இருந்த வேலியை இவர் உங்கள் பக்கம் தள்ளி அடைத்துவிட்டாராம். ஒரு மத்தியானம், ஊர் பார்க்க, கத்தியோடு வந்து ஓலை வேலியைக் கொத்திக் கிழித்தீர்கள். "என்ர நிலத்திலை கதியால் நடுறியோடா, கோதாரி விழுவானே!" இவர் வேலிக்கு நட்ட அந்தக் கதியால் தடியையே பிடுங்கி உங்களுக்கு ஓர் அடி விட்டார். மெல்லப் படவேண்டிய அடி வாயில் பட்டு முன்பல் போனது. நீங்கள் இரத்தத்தைத் துப்பிவிட்டு இன்னும் பலமாகக் கத்தினீர்கள்.

எங்கள் சனம் எதைச் சந்தேகப்பட்டாலும் வேலிச் சண்டையைச் சந்தேகப்படுமா? ஒரு முழ நிலத்துக்குக் கூடப்பிறந்தவனின் கழுத்தை வெட்டுகிற ஊரல்லவா இது! அடுத்த கார்னிவலுக்கு நெடுந்தீவிலிருந்தும் எழுவைதீவிலிருந்தும் வள்ளம் வள்ளமாக வந்து இறங்கினார்கள். காலைக் கழுவியதை எல்லாரும் மறந்துபோனார்கள். "சீதனம் குடுத்த கைக்கே அடிக்கிறான்" என்று இவரின் தலைக்குக் கல்லெறிந்தார்கள்.

அதற்குப் பிறகு ஊருக்கு முன்னால் நாங்கள் பகையாளிகள். என் மூத்தவன் பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு நீங்கள் வரவில்லை. கோயிலில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பினீர்கள். தேருக்கு ஊர் போயிருக்கும் பகலில்தான் பின்பக்கத்தால் வந்து, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் ஒரு சட்டியில் கூழ் குடிப்பீர்கள். அப்போது உங்கள் பல்லில்லாத சிரிப்பைப் பார்க்க எனக்குச் சந்தோசமாகவும் இருக்கும், அடுப்புக் கட்டையால் இரண்டு பேருக்கும் போட வேண்டும் போலவும் இருக்கும்.

சனம் எத்தனை வருஷத்துக்கு ஒரே இரத்தத்தைப் பார்க்கும்? எழுபதுகளில் சாப்பிடப் பாண் வாங்க வரிசையில் நின்ற காலத்தில் மறுபடி ஆள் குறைந்தது. முதலாளி இன்னும் கேட்டார். முதலில் கதிரையால் அடி. பிறகு உடைத்த போத்தல். பிறகு, தலைகீழாகத் தூக்கி எறிய வேண்டும். உங்களுக்கு அப்போது நாற்பது கடந்துவிட்டது. "வேண்டாம் மச்சான், உன்ர இடுப்பு தாங்காது" என்று இவர் என் கண்ணுக்கு முன்னால் கெஞ்சினார். "ஒருக்காச் செய்வம். மைதானம் நிறையட்டும்" என்றீர்கள்.

மைதானம் நிறைந்தது. நானும் போயிருந்தேன். அன்று அலகு ஆழமாக இறங்கிவிட்டது. உங்கள் கண், கழுத்து, மார்பு எல்லாம் இரத்தம். இவர் உங்களைத் தூக்கினார். வழுக்கியது. பலகை விளிம்பில் உங்கள் பிடரி அடித்த சத்தம் எனக்குக் கேட்டது. சனம் எழும்பி நின்று விசிலடித்தது. நீங்கள் எழும்பவில்லை. இவர் முழங்காலில் விழுந்து உங்களைத் தட்டித் தட்டி, "மச்சான், மச்சான்" என்றார். அதையும் நடிப்பென்று நினைத்து, "கொல்லடா, பாப்பம்!" என்று ஒருவன் கத்தினான்.

பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் கழுத்துக்குக் கீழே உயிரில்லாமல் கிடந்தபடி என்ன சொன்னீர்கள்? "அவனைக் கோவியாதை. தூக்கலாம் எண்டால் தொடையிலை கிள்ளுறது எங்கட வழக்கம். நான் கிள்ளினனான், அவன் தூக்கினவன். ஆனால் ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதை, பிள்ளை. எல்லாம் பொய்யெண்டு தெரிஞ்சால், நான் ஆர்?" நான் தலையாட்டினேன். சாகப் போகிறவனிடம் வேறு என்ன செய்ய?

செத்தவீட்டுக்குப் பாடை தூக்க இவர் வந்தார். படலையிலேயே பிடித்துக்கொண்டார்கள். "ஆளைக் கொலை செய்து போட்டுத் தூக்க வந்தனியோடா?" முதல் அடி பொல்லால், காதில். நீங்கள் இரண்டு பேரும் பதினைந்து வருஷமாகக் காட்டின அடிகளில் ஒன்றுகூட அப்படி விழுந்ததில்லை. விலா எலும்பை மிதித்தார்கள். வாய்க்குள் மண்ணை அடைத்தார்கள். ஊரில் எவனையும் ஒரு கையால் தூக்கி எறியக்கூடிய மனுஷன் கையை உயர்த்தவில்லை. நான் உண்மையைக் கத்துவதற்கு ஓடினேன். இவர் மண்ணையும் இரத்தத்தையும் துப்பிவிட்டு, "நீர் பேசாமல் உள்ளை போம்" என்றார். போனேன்.

கோட்டு வழக்கில் விபத்தென்று தீர்த்து இவரை விட்டுவிட்டார்கள். ஊர் விடவில்லை. இவருக்கு அந்தக் காது இன்றைக்கும் கேட்காது.

இனி நேற்றைய கதை. இப்போது வெளிநாட்டால் வந்த பெடியள் வீடியோ டெக் கொண்டு வந்திருக்கிறார்கள். கசெட்டில் வெள்ளைக்காரரின் குஸ்தி. பார்க்கிற வீட்டில் யன்னல் கம்பியெல்லாம் தலை. சனத்துக்கு மறுபடி பசி வந்துவிட்டது, கார்னிவலும் வந்துவிட்டது. வந்தவன் சொன்னான்: "ஒரு பொடியனுக்குச் சிங்கத்தின்ர சிவப்புக் காற்சட்டை போடுவம். காலனோட மோத விடுவம். மச்சானைக் கொன்றவன் எண்டு நோட்டீசிலை போட்டால் சனம் அள்ளும், அக்கா."

எனக்குத் தாங்க ஏலாமல் போய்விட்டது. "அது கொலையில்லை. வேலிச் சண்டையும் பொய், வெற்றியும் பொய், எல்லாம் நடிப்பு" என்று முதன்முதலாக வாயால் சொன்னேன். அவன் சிரித்தான். "அதை வெளியிலை சொல்லிப் போடாதேங்கோ. கொலையில்லாட்டி ஆர் வருவான்?" அப்போதுதான் உலக்கை என் கைக்கு வந்தது.

அவர்கள் ஓடின பிறகு இவர் என்னைக் கோபித்தார். "நீர் ஏன் சொன்னனீர்? மச்சான்ர பேர் போயிடுமெல்லே?"

"உங்கட பேர்?" என்று கேட்டேன்.

"என்ர பேர் காலன்தானே" என்றுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார். அண்ணை, நான் குசினிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அழுது முடியத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நாளைக்கு இது வாசிகசாலைச் சுவரில் இருக்கும். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும்.

உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். நீங்கள் செத்தும் உங்கள் பேரைக் காப்பாற்ற ஒரு மனுஷன் உயிரோடு மண் தின்றுகொண்டிருக்கிறார். இனி ஏலாது. வருகிற உங்கள் திவசத்தில், ஊர் கூடியிருக்க, முதல் இலையை இவருக்குப் போடுவேன். எழும்புகிறவர்கள் எழும்பிப் போகட்டும். கேட்கிறவர்களின் முகத்துக்கு நேரே சொல்லுவேன்: சிங்கம் ஒருநாளும் வென்றதில்லை, காலன் ஒருவரையும் கொன்றதில்லை. இது சத்தியம்.

உங்கள் சொல்லை முதன்முதலாகத் தட்டுகிற தங்கச்சி,
பூமணி