ஞானாம்பாள் மடித்த வேட்டி

மரக்காணம்,
ஞாயிறு.

அன்பு மகள் கிருபாவுக்கு,

மாதாவின் தயவில் முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மழை பிடித்துக்கொண்டதால் உப்பளத்தில் வேலை இல்லை. ஊருக்கு இப்போது ஒரே பேச்சு, போன கோடையில் நம் உப்பளத்தில் எடுத்த அந்தப் போர்ப் படமும், அதில் சிப்பாயின் அம்மாவாக நடித்த நம் பக்கத்து வீட்டு ஞானாம்பாளும்தான். பஸ்ஸில் கண்டக்டர், "ஏம்பா, சினிமா அம்மா வர்றாங்க, எழுந்திரு" என்கிறான். அவளைவிட ஆறு வயது மூத்த நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நீயும் படம் பார்த்து அழுதுவிட்டு முதலில் அவளுக்குத்தான் போன் செய்தாயாம், தெருவுக்கே சொல்லிவிட்டாள். எனக்கு மறுநாள் செய்தாய்.

திண்டிவனம் போய் நானும் பார்த்தேன். அரசியல் பேசாத படம் என்று புகழ்ந்தாயே, எந்த நாடு, யார் அனுப்பினார்கள், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை, வெறுமனே ஒரு தீவு. எதிரில் நின்று சுடுகிறவர்களுக்கு முகமும் இல்லை, பேச்சும் இல்லை. அமைதிப்படையில் சிப்பாயாக இலங்கைக்குப் போன உன் அப்பா அங்கிருந்து எழுதிய கடைசிக் கடிதத்தில், இங்கே எங்களைத் திட்டுகிறவர்கள் தமிழில் திட்டுகிறார்கள் பிலோமினா, என்று இருக்கிறது. அதைப் படத்தில் வைத்தால் யார் விசிலடிப்பார்கள்?

தந்தி வரும் காட்சியில்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஞானாம்பாள் அழவில்லை. கொடியில் கிடந்த மகனின் வேட்டியை எடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, உதறி, மறுபடி மடிக்கிறாள். கான்வென்டில் சிஸ்டர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த மடிப்பு அது. அவளோ துணியைச் சுருட்டி மூலையில் போடுகிறவள். உன் அப்பா இறந்த தந்தி வந்த அன்று நான் அப்படி மடித்தது, லீவில் வருகிறார் என்று அவருக்காகத் துவைத்துப் போட்டிருந்த வேட்டி, கிருபா. உனக்கு அப்போது இரண்டு வயது, உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாய். படம் முடிந்து நேராக ஞானாம்பாள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். கூச்சமே இல்லாமல், "ஆமாக்கா, டைரக்டர் அழச் சொன்னாரு, எனக்கு உன் ஞாபகம்தான் வந்துச்சு. அன்னிக்கு ஒன்பது வாட்டி மடிச்ச. வாசல்ல நின்னு எண்ணிக்கிட்டே இருந்தேன், உள்ள வர பயமா இருந்துச்சு" என்றாள். அன்று வாசலில் யாருமே இல்லை என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். காபி கொடுத்தாள், சர்க்கரை அதிகம். முழுவதும் குடித்தேன். அதற்காகக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே.

நீ பார்த்து அழுதது அவளை அல்ல, என்னை. அடுத்த ஞாயிறு முதலில் எனக்குப் போன் செய், உனக்கு இதுவரை காட்டாத அப்பாவின் அந்தக் கடைசிக் கடிதத்தை முழுவதும் வாசிக்கிறேன். அதன் பிறகு வேண்டுமானால் அவளிடம் பேசு. குளிரில் பிள்ளைகளுக்குக் காதை மூடி அனுப்பு. மாதாவின் காவல் உங்கள் எல்லார் மேலும் இருக்கட்டும்.

உன்னைப் பெற்ற அம்மா,
பிலோமினா ஜெயசீலன்