கழித்த பருப்பு

மாதா துணை

ஓமந்தூர்
8.9.2024

அன்புத் தங்கை ஜெசிந்தாவுக்கு அக்கா செண்பகம் எழுதுவது. நீயும் பிள்ளையும் நலமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

போன் இருக்க, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஒற்றை அறை வீடு. என்ன பேசினாலும் உன் மாமா காதில் விழுகிறது. எழுதினால் அவருக்குப் படிக்கத் தெரியாது, அதனால்தான்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மாமாவுக்கு ஈரலில் புற்று. அவரிடம் ஈரல் வீக்கம் என்று சொல்லிவைத்திருக்கிறோம். மகன் இனியவன்தான் அப்படிச் சொல்லச் சொன்னான்.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை ஜெசிந்தா. இந்த மனுஷன் பீடி பிடித்ததில்லை, சாராயம் தொட்டதில்லை. நம் தெருவில் காலையிலேயே குடிக்கிறவனெல்லாம் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறான். கேப்பைக் கூழும் கீரையும் தின்றவருக்கு ஏன் வந்தது? டாக்டரைக் கேட்டால், "பல காரணம் இருக்கும்மா" என்கிறார். இனியவன் போனில் பார்த்துவிட்டு சர்க்கரையே ஆகாது என்கிறான். பக்கத்து வீட்டுக்காரி பாகற்காய்ச் சாறு கொடு என்கிறாள். இன்னொருத்தி கூழை நிறுத்து என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது?

அவருக்கு இப்போது தொண்டையில் இறங்குவது உன் மல்லாட்டைச் சட்னி ஒன்றுதான். வரும்போது வழக்கம்போல ஒரு பை வேர்க்கடலைப் பருப்பு எடுத்து வா. போன பை தீரப்போகிறது.

உன் அக்கா
செண்பகம்


மாதா துணை

விழுப்புரம்
16.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அப்பா போனபிறகு என்னைப் பத்தாவது வரை படிக்கவைத்தவர் மாமா. அந்தப் படிப்பால்தான் இன்று உனக்கு நான் எழுதுகிறேன். அவருக்கா இப்படி?

மல்லாட்டை மண்டியில் வேலை அதிகம். பருப்பு பொறுக்க ஆள் போதவில்லை, லீவு கிடைக்காது. ஓமந்தூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஒரு பை கொய்யாவும் முருங்கைக்கீரையும் கொடுத்தனுப்புகிறேன். நல்ல சோறு, துவரம்பருப்பு, முட்டை, காய் எல்லாம் கொடு. பாகற்காய்ச் சாறு வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை மட்டும் விடாதே.

வீட்டில் மிச்சமிருக்கிற மல்லாட்டையை இனிமேல் யாருக்கும் கொடுக்காதே. பேரப்பிள்ளைகளுக்கும்தான். ஏன் என்று இப்போது கேட்காதே அக்கா. நேரில் சொல்கிறேன்.

உன் தங்கை
ஜெசிந்தா


ஓமந்தூர்
29.9.2024

ஜெசிந்தாவுக்கு,

கொய்யா வந்தது. நீ வரவில்லை. வாரம் இரண்டு போச்சு. விழுப்புரத்துக்கும் ஓமந்தூருக்கும் நடுவில் கடலா இருக்கிறது?

மாமா உன்னைத் தினமும் கேட்கிறார். "மல்லாட்ட சட்னி எங்க?" என்கிறார். தீர்ந்துபோச்சு என்று பொய் சொன்னேன். "அப்ப ஜெசிந்தாவுக்கு போன் போடு, எடுத்தாருவா" என்கிறார். பை அடுப்புக்குப் பின்னால் இருக்கிறது, தூக்கிப் போடவும் மனசில்லை. பதினைந்து வருஷமாய் அறுப்புக்கு அறுப்பு நீ தூக்கிவந்த பொருள். அதைத் தின்னாதே என்றால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? டாக்டர் ஒன்று சொல்கிறார், இனியவன் ஒன்று சொல்கிறான், இப்போது நீயுமா?

என்மேல் ஏதாவது கோபமா? பொங்கலுக்கு உனக்குப் புடவை எடுக்கவில்லை என்றா? மனசில் இருப்பதை எழுது. குழம்பிக் குழம்பி எனக்குத் தலை வெடிக்கிறது.

செண்பகம்


மாதா துணை

விழுப்புரம்
6.10.2024

அக்காவுக்கு,

கோபமில்லை. பயம். இனி மறைக்க முடியாது.

உன் முதல் கடிதம் வருவதற்குப் பத்து நாள் முன்பு மண்டிக்கு வெளியூர் வியாபாரியின் ஆள் வந்தார். மூட்டைக்கு மூட்டை ஒரு பிடி பருப்பை எடுத்து அரைத்து, ஏதோ மருந்தில் கலக்கி, ஒரு காகிதத்தை நனைத்துப் பார்த்தார். மூன்று மூட்டையைத் தள்ளிவைக்கச் சொன்னார். நான் சும்மா கேட்டேன்.

"சார், தள்ளுனத இன்னா பண்ணுவீங்க?"

"அழிக்கணும்மா. இதுல பூசண விஷம் இருக்குது. மாட்டுக்கே போடக்கூடாது."

"மனுசன் துன்னா?"

"ஒரு நாள் துன்னா ஒண்ணும் தெரியாது. வருசக்கணக்கா துன்னா ஈரல் போயிடும்."

நான் உனக்குக் கொண்டுவந்தது எல்லாம் அந்தப் பருப்புதான் அக்கா. நல்லதெல்லாம் மூட்டைக்குப் போகும். கறுத்தது, சுருங்கியது, பூசணம் பூத்தது முறத்தில் மிஞ்சும். பொறுக்குகிற நாங்கள் ஆளுக்கொரு பை அள்ளிக்கொண்டு போவோம். யாரும் தடுப்பதில்லை. பூத்ததைத் துணியில் துடைத்துவிட்டால் நல்ல பருப்புதான் என்று நினைத்தேன். மாமா வீட்டுக்கு வெறுங்கையோடு வர வெட்கமாக இருந்தது. என்னால் முடிந்தது அதுதான்.

உன் கடிதம் வந்ததும் இங்கே ஒரு டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். புற்று ஒரே நாளில் வருவதில்லையாம். உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி கெடுகிறது. உடம்பே அதைச் சரிசெய்யப் பார்க்கும். திரும்பத் திரும்ப விஷம் போய்க்கொண்டிருந்தால் சரிசெய்ய முடியாமல், கெட்டது பெருகி வருஷக்கணக்கில் கட்டியாகிறதாம். வறுத்தாலும் அந்த விஷம் முழுதாகப் போகாதாம். மாமாவுக்கு முன்பு மஞ்சள் காமாலை வந்ததைச் சொன்னேன். அந்தக் கிருமி ஈரலிலேயே தங்கியிருந்தால், இரண்டும் சேர்ந்து ரொம்பக் கெடுக்குமாம். "உன் பருப்பாலதான்னு சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாதும்மா" என்றார். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் எங்கே போய் நிற்பது?

பையை எரித்துவிடு. இனியவனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அந்தக் காமாலைக் கிருமி இருக்கிறதா என்று ரத்தம் பாருங்கள். இல்லாவிட்டால் தடுப்பூசி உண்டாம். இதைக் கட்டாயம் செய்.

என் மகளுக்கும் அதைத்தான் கொடுத்தேன் அக்கா.

பாவி
ஜெசிந்தா


ஓமந்தூர்
10.11.2024

ஜெசிந்தாவுக்கு,

ஒரு மாசம் உனக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் வாயில் வந்ததையெல்லாம் எழுதியிருப்பேன். ஒரு நாள் உன்னைக் கேட்டுவிடுவது என்று கிளம்பி, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டுத் திரும்பினேன். கல்லறைத் திருநாளுக்கும் நீ வரவில்லை. அப்பா கல்லறையில் நான் ஒருத்தியாக மெழுகுவத்தி ஏற்றினேன்.

பையை எரித்தாயிற்று. பிள்ளைகளுக்கு ரத்தம் பார்த்தோம், கிருமி இல்லை. ஊசி போட ஆரம்பித்திருக்கிறோம். உன் மகளுக்கும் பார்த்தாயா? அதை எழுதாமல் விட்டாயே.

உன் கடிதத்தை முந்தாநாள் மாமாவுக்குப் படித்துக்காட்டினேன். என்னால் தனியாகச் சுமக்க முடியவில்லை. புற்று என்று அதில் இருப்பதையும் விடாமல் படித்தேன். அவர் சிரித்தார்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சிக்கினு இருந்தீங்க? போர்டு படிக்கத் தெரியாட்டி இன்னா, அந்த வார்டுல எல்லாம் மொட்டத் தலையா ஒக்காந்துக்கினு இருந்தா தெரியாதா?"

பிறகு மல்லாட்டையைப் பற்றிக் கேட்டேன். கசக்கவில்லையா என்றேன்.

"கசக்கும். புள்ளைங்க துப்பிடும். துப்புனதையும் பொறுக்கி நான்தான் துன்னுவேன். அந்தப் பொண்ணு அவ்ளோ தூரம் தூக்கினு வந்தத குப்பைல போட மனசு வருமா?"

ஜெசிந்தா, கசந்ததையெல்லாம் அவர் தின்றிருக்கிறார். இதைக் கேட்டபிறகு கொண்டுவந்த உன்மேல் கோபப்படுவதா, தின்ற அவர்மேலா, கண்ணால் பார்த்தும் வறுத்து அரைத்த என்மேலா என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் போய்விட்டது என்று பொய் எழுதமாட்டேன். சில நாள் போகிறது, சில நாள் திரும்ப வருகிறது.

அவர் ரொம்ப மெலிந்துவிட்டார். சாப்பாடு இரண்டு கவளத்துக்குமேல் இறங்கவில்லை. டாக்டர் நாள் கணக்கு சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வாசலில் நிழல் விழுந்தால் "ஜெசிந்தாவா?" என்கிறார்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறிவிடு. பழம் வேண்டாம், கீரை வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

வெறுங்கையோடு வா.

அக்கா
செண்பகம்