பள்ளி விடும் நேரம்

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே நான் நலம். உங்கள் நலத்தை விசாரித்தால், அந்தக் கேள்வி மலையேறி வருவதற்குள் பழசாகிவிடும் என்பீர்கள். அதனால் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள். போனை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டீர்கள், அதனால்தான் கடிதம்.

எனக்கு எட்டாம் மாதம். கால் வீங்குகிறது. டயாலிசிஸ் பிரிவுக்கு இன்னும் வேலைக்குப் போகிறேன். அங்கே வரும் லாரி டிரைவர் ஒருவர், ஊசி குத்தியதும் சுவர்க் கடிகாரத்தைத் திருப்பி வைக்கச் சொல்வார். "பாத்துக்கிட்டே இருந்தா நகரவே மாட்டேங்குது சிஸ்டர். வீட்டுக்குப் போனா பிடிச்சு வைக்க முடியல" என்றார். உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வீட்டில் ஆளில்லை.

நம் வாலுப் பெண்ணை அடக்கம் செய்த மறுநாளே அந்த வானாய்வு நிலையத்துக்குத் திரும்பியவர், இன்னும் இறங்கவில்லை. இப்போது எழுதுகிறீர்கள்: காலம் ஓடுவதில்லையாம். ஒரு வீட்டின் அறைகளைப் போல எல்லாக் கணங்களும் அப்படியே இருக்கின்றனவாம். அவள் எங்கும் போய்விடவில்லை, தன்னுடைய ஏழு வருடங்களுக்குள் இருக்கிறாள், அவளை விட்டுவிட்டு இன்னொரு குழந்தையை வரவேற்க உங்களால் வர முடியாது என்று.

நான் அதை நம்பித் தொலைத்தேன். போன வாரம் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அவளுடைய சின்னக் குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பைத்தியம் பிடிக்கவில்லை, தெரிந்துதான் போனேன். அவள் இருக்கும் இடம் அதுதானே, போய் நின்றால் என்ன என்று தோன்றியது. அதே கேட், அதே மணி. பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள். புதுக் காவலாளி ஒருவர், "யாரும்மா வரணும்?" என்று கேட்டார். இரண்டாம் வகுப்பு என்று சொல்லி, அவள் பேரையும் சொன்னேன். நல்ல மனிதர், நனைந்துகொண்டே உள்ளே போய்க் கூப்பிட்டிருக்கிறார். அவளுடைய டீச்சர்தான் ஓடி வந்தார். என் வயிற்றையும் குடையையும் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஓர் இடத்துக்குத் திரும்பிப் போக முடிகிறது. ஒரு நேரத்துக்கு முடியவில்லை. உங்கள் சமன்பாட்டில் இரண்டும் ஒன்றாக இருக்கலாம். பெற்ற வயிற்றுக்கு அப்படி இல்லை.

இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள். காய்ச்சலில் அவள் மூச்சு நின்ற பிறகும், செய்தி வந்து சேரும்வரை உங்களுக்கு அவள் உயிரோடுதான் இருந்தாள் என்று. அந்த மதியம் நீங்கள் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தீர்கள், அதை நினைத்து உங்களையே வதைத்துக்கொள்கிறீர்கள். அது எனக்குப் புரிகிறது. எனக்கு உங்கள் மேல் கோபம் உண்டு, ஆனால் அதற்காக இல்லை. அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு தனியாக இருந்தேன். பிரசவத்துக்கும் தனியாகப் போ என்கிறீர்களே, அதற்காகத்தான்.

பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது. டாக்டர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அடுத்த வாரமே ஆஸ்பத்திரியில் வந்து சேர்ந்துவிடச் சொன்னார். கூட யார் இருப்பார்கள் என்று கேட்டார். என் கணவர் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் கணக்கே சரி என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் கணங்களும் இருக்கின்றன என்றால், நடந்து முடிந்தது மட்டுமா இருக்கிறது? வரப்போவதும் இருக்கிறது அல்லவா? அங்கே இந்தக் குழந்தை தத்தித் தத்தி நடக்கிறது, விழுகிறது, யாரையோ தேடி அழுகிறது. ஓடிப்போய்த் தூக்க அங்கே நான் இருக்கிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களாவது இருங்கள்.

மலைப்பாதை வழுக்கும். பார்த்து, பத்திரமாக இறங்கி வாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி