அம்மாவின் இடது பக்கம்

ஞாயிற்றுக்கிழமை

இன்று அம்மாவுக்குக் காரியம் முடிந்தது. படையல் இலைக்கு இடது பக்கம் தண்ணீர் டம்ளரை வைத்தேன். உப்பளத்தில் அம்மாவோடு இருபது வருஷம் வேலை பார்த்த கஸ்தூரி அக்கா அதை எடுத்து வலது பக்கம் மாற்றி வைத்தார்.

“அங்க வெச்சா தட்டி உட்டுடுவா. அவளுக்குத்தான் இடது கண்ணு சுத்தமா தெரியாதே.”

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

“ஏழெட்டு வருஷம் இருக்கும். மேஸ்திரிக்குத் தெரிஞ்சா வேலைக்கு வராதன்னுடுவான். அதான் யார்கிட்டயும் மூச்சு உடல. வரப்புல உப்புக் கூடையோட போறப்ப நான் முன்னாடி போவேன். என் காலடியப் பாத்தே பின்னாடி வருவா.”

என் மகள் அப்பளம் தின்றுகொண்டிருந்தாள். “ஆமாம்மா, ஆயா எப்பவும் என்னை வலது பக்கம்தான் உக்காரச் சொல்லும். உனக்குத் தெரியாதா?” என்றாள்.

ஒன்பது வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அம்மா காபியைத் தட்டிவிட்டபோதெல்லாம் திட்டியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே தரையைத் துடைப்பாள்.

ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாளும் கழுத்தைத் திருப்பக்கூட அவளுக்குத் தெம்பில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன். ஆனாலும் “செல்வி வந்துட்டாளா?” என்று என்னிடமே என் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நினைவு தப்பிவிட்டது என்று நினைத்து, பதில் சொல்லாமல் அழுதுகொண்டிருந்தேன்.

கட்டிலில் அம்மாவுக்கு இடது பக்கம்தான் எனக்கு ஸ்டூல் போட்டிருந்தார்கள்.