தங்க அட்டைக்கு இன்னும் ஏழு

நவம்பர் 14, வெள்ளி

முப்பத்து மூன்று. வேண்டியது நாற்பது. டிசம்பர் 31க்குள்.

பல் தேய்த்துக்கொண்டே விமானக் கம்பெனியின் ஆப்பைத் திறந்து பார்த்தேன். நேற்று இருந்ததுதான் இன்றும் இருக்கிறது. இருக்காமல் எங்கே போகும்? ஒரு வருடத்தில் நாற்பது முறை அவர்கள் விமானத்தில் ஏறி இறங்கினால் வெள்ளி அட்டை தங்க அட்டை ஆகும். தங்க அட்டை இருந்தால் எனக்கும் என்னோடு வரும் ஒருவருக்கும் முதல் வரிசை. காலை நீட்டலாம். மற்றவர்கள் கூடுதலாகக் கட்டுகிறேன் என்றாலும் அந்த வரிசையைத் தருவதில்லை. மார்ச்சில் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

மார்ச்சில் அம்மாவைத் தம்பி வீட்டில் கொண்டுபோய் விட்டபோது பதினெட்டாவது வரிசை. கீழே விழுந்து, கம்பி வைத்த பிறகு அம்மாவுக்கு வலது முழங்கால் மடங்காது. இரண்டரை மணி நேரம் காலை நடைபாதையில் நீட்டியபடி இருந்தாள். தள்ளுவண்டி வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் காலைத் தூக்கி என் மடியில் வைத்தாள். "தொந்தரவு பண்றேன்ல" என்று பணிப்பெண்ணிடம் ஒவ்வொரு தடவையும் கேட்டாள். இறங்குவதற்கு முன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

இனி அப்படி அழைத்து வர மாட்டேன். முதல் வரிசைதான். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, கிடைக்காமல் போனால்? ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்பது எங்கள் ஏற்பாடு. செப்டம்பரிலேயே அழைத்து வந்திருக்க வேண்டும். அக்டோபர் என்றேன், நவம்பர் என்றேன். இப்போது ஜனவரி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 17, திங்கள்

ஆபீசில் டிக்கெட் போடுகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'நேர்வழி'. நேர் விமானம் இருந்தால் வேறெதையும் போட மாட்டார்.

மருந்துத் தொழிற்சாலைகளின் எடை இயந்திரங்களைச் சரிபார்ப்பது என் வேலை. இந்த வருடத்துக்கு இன்னும் இரண்டு ஊர் பாக்கி. நேராகப் போய் வந்தால் நான்கு விமானம், முப்பத்தேழில் நின்றுவிடும். நடுவில் ஓர் ஊரில் இறங்கி மாறினால் எட்டு. நாற்பத்தொன்று.

"ரெண்டு மணி நேரத்துல போற ஊருக்கு எதுக்கு மேடம் ஆறு மணி நேரம்?"

"விலை கம்மியா இருக்கு சார், பாருங்க."

பார்த்தார். கம்மியாகத்தான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "உடம்புக்கு ஆகுமா?" என்றார். ஆகும் என்றேன். ஏதோ பாவம் செய்கிற முகத்தோடு போட்டுக் கொடுத்தார்.

நவம்பர் 25, செவ்வாய்

முப்பத்தைந்து. இடுப்பு கழன்றுவிட்டது.

நவம்பர் 27, வியாழன்

எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

திரும்பி வர விமான நிலையத்துக்குப் போனால் முதல் விமானம் ரத்து. கவுன்ட்டரில் இருந்த பெண் என் டிக்கெட்டைப் பார்த்ததும் மலர்ந்துபோய், "உங்களுக்கு நேர் விமானத்துலயே இடம் இருக்கு மேடம், சீக்கிரமே வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள்.

"எனக்கு நேர் விமானம் வேணாம்மா. மாறிப் போற மாதிரியே குடுங்க."

"மாறிப் போனா நாளைக்குத்தான் மேடம்."

"பரவாயில்ல."

எனக்குப் பின்னால் நாற்பது பேர் நேர் விமானம் கேட்டு முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைப் பார்த்த பார்வை – வீட்டில் ஏதோ பிரச்சினை, போகப் பயப்படுகிறாள் என்றே நினைத்திருப்பாள். குரலைத் தாழ்த்தி, "ஏதாவது உதவி வேணுமா மேடம்?" என்று கேட்டாள். இதற்கு மேல் என்ன சொல்வது? அவள் நீட்டிய நேர் விமானத்தின் போர்டிங் பாஸையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நல்ல மனசோடு என் ஒரு விமானத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

முப்பத்தாறு. அடுத்த பயணத்தில் நான்கு வந்தால் சரியாக நாற்பது. ஒன்றுகூடத் தவறக் கூடாது.

டிசம்பர் 3, புதன்

தம்பி பேசினான். இரண்டு பிள்ளைகளுக்கும் பரீட்சை வருகிறதாம், அம்மா கூடத்தில் படுப்பதால் விளக்கைப் போட்டுப் படிக்கத் தயங்குகிறார்களாம்.

"இந்த மாசமே கூட்டிட்டுப் போயேன்க்கா."

"ஜனவரின்னு சொன்னேன்ல."

"வேலையா?"

"ஆமா."

அவன் வைத்துவிட்டான். வேலைதான். பொய் ஒன்றும் இல்லை. 

டிசம்பர் 10, புதன்

இரண்டாவது தொழிற்சாலைக்காரர்கள் வேலையை ஜனவரிக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். மெஷின் ரூமுக்குப் பெயின்ட் அடிக்கிறார்களாம். பெயின்ட். வருடம் முழுக்க அடிக்காத பெயின்ட்.

டிசம்பர் 11, வியாழன்

விட்டுவிடலாமா? முப்பத்தாறு வரை வந்துவிட்டு எப்படி விடுவது? இருபதில் நின்றிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

சொந்தச் செலவில் நான்கு. அடுத்த வாரச் சனிக்கிழமை இரண்டு, அப்புறம் இரண்டு.

டிசம்பர் 20, சனி

வேலையே இல்லாத ஓர் ஊருக்கு விமானம் ஏறிப் போய், வாசலைத் தாண்டாமல் ஒரு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, அதே விமானத்தில் திரும்பி வந்தேன். அதே பணிப்பெண்கள். ஒருத்தி, "ஏதாவது மறந்து வெச்சுட்டுப் போயிட்டீங்களா?" என்றாள். புத்தியை, என்று வாய் வரை வந்தது.

நாற்காலியில் இருந்தபோது தம்பி கூப்பிட்டான். பின்னால் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"ஏர்போர்ட்டுலயா இருக்க? சனிக்கிழமை என்ன வேலை?"

அறிவிப்பு கேட்காதபடி போனைக் கையால் பொத்தினேன்.

"எங்கெங்கயோ பறக்குற. இங்க வர மட்டும் உனக்கு நேரமில்ல. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுக்கா, நாங்களே பாத்துக்கறோம். சும்மா சும்மா தேதி சொல்லாத. அம்மா காலண்டரப் பாத்துட்டே இருக்கா."

சொல்லியிருக்கலாம். முதல் வரிசைக்காகத்தாண்டா இப்படி அலையறேன்னு ஒரு வார்த்தை. ஆனால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னால் எனக்கே பைத்தியக்காரத்தனமாகக் கேட்கும் என்று பயமாக இருந்தது. "அப்புறம் பேசுறேன்" என்றேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

ஆப்பில் முப்பத்தேழு. நான் இறங்கியது இரண்டு தடவை. உதவி எண்ணில் நாற்பது நிமிடம் சங்கீதம் கேட்டேன். "திரும்பி வந்த பயணம் பதிவாகல மேடம். ஏழு வேலை நாள் ஆகும்." பதிவாகலன்னா, நான் என்ன நடந்தா வந்தேன்?

டிசம்பர் 26, வெள்ளி

முப்பத்தெட்டு. எப்படியோ ஏற்றிவிட்டார்கள். இன்னும் இரண்டு.

எந்த ஊருக்கு மலிவாகப் போகலாம் என்று விரலால் தள்ளிக்கொண்டே போனேன். தம்பியின் ஊர் வந்தது. மாறிப் போனால் இரண்டு விமானம். தள்ளிவிட்டேன். தள்ளிய பிறகுதான் உறைத்தது. இத்தனை நாளாக எல்லா ஊரையும் பார்த்தேன், அம்மா இருக்கிற ஊரைப் பார்க்கவே இல்லை. அழைத்து வரும்போதுதான் அங்கே போக வேண்டும் என்று மனசில் எப்படியோ பதிந்துவிட்டது. என்ன ஜன்மம் நான்.

முப்பதாம் தேதிக்குப் போட்டுவிட்டேன்.

டிசம்பர் 30, செவ்வாய்

நாற்பது.

சொல்லாமல்தான் போய் நின்றேன். தம்பி மனைவி கதவைத் திறந்து, "வாங்க அண்ணி" என்றாள். சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. தம்பி உள் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தான். மடிப்பதை நிறுத்தவில்லை.

அம்மா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இளைத்திருக்கிறாள். பக்கத்தில் உட்காரச் சொன்னாள். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாக, "உனக்குக் கஷ்டம்னா நான் இங்கயே இருந்துக்கறேன்டி. தனியா இருந்து பழகிட்ட. நான் வந்தா உனக்கு இடைஞ்சல்தான். நேரா சொல்லு, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்றாள்.

நாலு மாசமா இதைத்தான் நினைச்சிட்டிருந்திருக்கா.

அழுகையும் ஆத்திரமுமாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அட்டை, நாற்பது, முதல் வரிசை, பெயின்ட், பிளாஸ்டிக் நாற்காலி, எல்லாம். தம்பி துணியை வைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றான். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"முதல் வரிசைன்னா கால நீட்டி உக்காரலாமா?"

"ஆமாம்மா."

"உக்காரத்தான் வேணுமா?"

"விமானத்துல உக்காராம?"

"ரயில்ல படுத்துட்டே வரலாமேடி. கீழ் படுக்கை கெடச்சாப் போதும். விமானம்னாலே எனக்கு வயித்தக் கலக்கும். நீ ஆசையாக் கூட்டிட்டுப் போறியேன்னுதான் மார்ச்சுல ஏறுனேன்."

"இத ஏம்மா சொல்லல?"

"நீ எப்பக் கேட்ட?"

 தம்பிதான் முதலில் சிரித்தான். "நாப்பதாக்கா?" என்றான். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அன்னைக்கு அப்படிப் பேசிட்டேன்" என்றான். பேச வேண்டியதைத்தான் பேசினான். அதை அவனிடம் சொன்னேன்.

ஜனவரி 2, வெள்ளி

விமானக் கம்பெனியிலிருந்து வாழ்த்துச் செய்தி. தங்க அட்டை இரண்டு வாரத்தில் தபாலில் வருமாம். தம்பி ரயிலில் கீழ் படுக்கை இரண்டு பிடித்துவிட்டான். நேர்வழிக்கு, இன்னும் ஒரு வாரம் விடுப்பு என்று ஆபீசில் சொல்லச் சொல்லிச் செய்தி அனுப்பினேன். "திரும்பி வருவது எப்படி?" என்று கேட்டிருக்கிறார். நேர் ரயில் என்று பதில் போட்டேன்.

ஜனவரி 6, செவ்வாய்

ரயிலில் எழுதுவதால் கையெழுத்து ஆடுகிறது.

ஏறியதும் அம்மா காலை நீட்டிப் படுத்தாள், குதிகாலுக்கு அடியில் என் ஸ்வெட்டர். காலையிலிருந்து பேச்சுதான். தம்பி மனைவி எப்படித் தோளைக் கொடுத்துக் குளியலறைக்கு அழைத்துப் போவாள், கடைசிப் பேரன் எப்படி அம்மா நடக்கிற மாதிரியே நடந்து காட்டுவான். சேர்ந்தாற்போல் இவ்வளவு நேரம் நாங்கள் பேசி எத்தனை வருடம் ஆகிறது என்று தெரியவில்லை. இந்தத் தடவை என் வீட்டில் எந்த அறை என்று கேட்டாள். ஜன்னல் இருக்கிற அறை என்றேன். "அது உன் அறையாச்சே" என்றாள். மாற்றிவிட்டேன் என்றேன். இனிமேல்தான் மாற்ற வேண்டும்.

சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டாள். இப்போதுதான் கண் விழித்து, வெளியே ஓடுகிற வெயிலைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்டி?"

"பதினொரு மணி நேரம் இருக்கும்மா."

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.