லிஃப்டுக்குள் தாய்மொழியில் கத்திய குற்றம்

அனுப்புநர்:
சொல்லாக்கக் குழுச் செயலாளர்,
உலகப் பொதுமொழிச் சங்கம்
(நீக்கப்பட்டவர், நீக்கத்தை ஏற்காதவர்)

பெறுநர்:
சங்கங்களின் பதிவாளர் அவர்கள்

பொருள்: உறுப்பினர் நீக்கத்தை ரத்து செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் உலகமே பேசட்டும் என்று உருவாக்கிய மொழியை எங்கள் சங்கம் வளர்த்து வருகிறது. உலகம் இன்னும் வந்து சேரவில்லை. அன்னார் விட்டுச் சென்ற வேர்ச்சொற்கள் கல், வேலி, சங்கிலி, எல்லை போன்றவையே. எந்தப் புதுச் சாதனத்துக்கும் அவற்றைக் கொண்டே பெயர் கட்ட வேண்டும். கைபேசிக்குக் 'காதோரக் கல்', இணையத்துக்கு 'எல்லையில்லாச் சங்கிலி' என்று பொருள்படும் சொற்களை ஆக்கியவன் நான்.

2. சங்க விதிப்படி, கூட்ட அறையில் வேறு மொழி பேசக்கூடாது. பெயர் ஏற்கப்படாத பொருளைப் பற்றித் தீர்மானமும் எழுதக்கூடாது. லிஃப்டுக்கு நான் கொடுத்த பெயரை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டிருப்பவர் தலைவர். அதாவது, என் தங்கையின் கணவர்.

3. சென்ற கூட்டத்துக்கு வந்தபோது, அறைக்கு எதிரே உள்ள லிஃப்ட் என்னை உள்ளே வைத்தபடி நின்றுவிட்டது. விளக்கும் அணைந்தது, கைபேசியில் சிக்னல் இல்லை. எனக்கு ஆஸ்துமா உண்டென்பது சங்கத்துக்குத் தெரியும். கதவைத் தட்டினேன். மெக்கானிக்கை அழைக்கத் தீர்மானம் வேண்டுமாம்; தீர்மானத்துக்கு லிஃப்டின் பெயர் வேண்டுமாம். உறுப்பினர்கள் அறையில் உட்கார்ந்து விவாதித்தார்கள். 'ஆள் விழுங்கும் குழி' என்று பொருள்படும் தலைவரின் சொல், உள்ளே ஆள் இருக்கும்போதே, கைதட்டலுடன் நிறைவேறியது.

4. அப்போதுதான், "யோவ், மூச்சு முட்டுதுய்யா, கதவத் தொறங்கய்யா!" என்று கத்தினேன். மறுக்கவில்லை. தலைவரைக் குறித்தும் இரண்டொரு வார்த்தை சொன்னேன்; அவற்றுக்கு ஈடான சொற்களை அம்மொழியில் நானே இன்னும் ஆக்கவில்லை. சத்தம் கேட்டு வந்த கீழ்த்தளப் பல் மருத்துவமனை நர்ஸ் அம்மா, "ஒரு போன் போட இத்தனை பேரு கூடி ஆராய்ச்சியா? மனுசங்கதானா நீங்க?" என்று கேட்டு, தாமே மெக்கானிக்கை வரவழைத்தார்.

5. மறுவாரமே 'பிறமொழிக் குற்றம்' என்று என்னை நீக்கினார்கள். இது செல்லாது. விதி கூட்ட அறைக்கு மட்டுமே. லிஃப்ட் கட்டட உரிமையாளருடையது. இல்லை, லிஃப்டும் அறையைச் சேர்ந்ததுதான் என்றால், லிஃப்ட் வாசலில் நின்று, "உங்கண்ணன் லிஃப்டுல மாட்டிக்கிட்டாரு, நான் வர லேட்டாகும், நீ சாப்பிட்டுடு" என்று வீட்டுக்குப் போன் செய்த தலைவரையும் நீக்க வேண்டும். என் தங்கை சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறாள்.

என் இளமையெல்லாம் அந்த மொழிக்கே போயிற்று. கனவிலும் அதைத்தான் பேசுகிறேன். விழித்தபின் பேச அந்த அறையை விட்டால் எனக்கு வேறு ஆளில்லை. ஆகவே, நீக்கத்தை ரத்து செய்ய வேண்டுகிறேன்.

அது தங்களால் இயலாதெனில், நான் ஆக்கிய சொற்கள் அனைத்தையும் அகராதியிலிருந்து எடுத்துவிட ஆணையிடுங்கள். அதன்பின் தலைவர் மின்விசிறியைப் போடச் சொல்வதற்கும் விரலைத்தான் நீட்ட வேண்டும். அப்படி நடக்கும் முதல் கூட்டத்தில் பார்வையாளனாகக் கடைசி நாற்காலியில் உட்காரவாவது எனக்கு அனுமதி பெற்றுத் தாருங்கள்.

இடம்: சங்கத்துக்குப் பின்தெரு
நாள்: நீக்கல் கடிதம் கைக்கு வந்த அன்றே

இப்படிக்கு,
இன்னும் உறுப்பினன்
(கையொப்பம்)